காசு சக்கரத்தில் இருக்கட்டும்

நடுத்தர விலையில் சைக்கிள் தேடி வருபவர்களின் தேவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. காலையில் அரை மணி, முக்கால் மணி நேரம் மிதித்து உடம்பைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நேரத்தில் கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வர உதவ வேண்டும். விலை 15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். தேவை இவ்வளவு தெளிவாக இருந்தும், வீட்டுக்குப் போகும் வண்டி பெரும்பாலும் அதற்குப் பொருந்தாததாக இருக்கிறது. முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர், கட்டை கட்டையாகப் பல் வைத்த அகல டயர் என்று மலைப்பாதை வண்டியின் சாயலில் ஒன்றை வாங்கிப் போகிறார்கள். கொஞ்ச காலத்தில் அது பட்டறைக்கு வருகிறது, இல்லாவிட்டால் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்து நிற்கிறது. சைக்கிளைப் பிரித்துப் பூட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் தெருவுக்கும் உடற்பயிற்சிக்கும் ஏற்றது எளிய வண்டிதான். ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், ரிம்மைக் கவ்வும் பிரேக், பின்னால் ஏழோ எட்டோ கியர், பல் இல்லாத டயர், ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ற ஃபிரேம், இவ்வளவு போதும். கடைகளில் ஹைபிரிட் என்றும் சிட்டி சைக்கிள் என்றும் சொல்லி விற்பது இந்த வகையைத்தான்.

காரணம் விலைக்கணக்கில் இருக்கிறது. 18,000 ரூபாய்க்கு ஒரு வண்டியை விற்க வேண்டும் என்று முடிவுசெய்த கம்பெனி, கடைக்காரரின் லாபம், வரி, லாரி வாடகை எல்லாம் கழித்து மிஞ்சும் தொகைக்குள் ஃபிரேம், சக்கரம், கியர், பிரேக், டயர், சீட் அத்தனையையும் அடக்கியாக வேண்டும். வாடிக்கையாளர் கடையில் நின்று பார்க்கும் சில நிமிடங்களில் கண்ணில் படுவது ஸ்பிரிங் ஃபோர்க்கும் டிஸ்க்கும் கியர் எண்ணிக்கையும். ஹப்புக்குள் இருக்கும் கோனும் பால்ரஸும், ரிம்மின் உட்சுவர், ஸ்போக்ஸ் கம்பியின் தரம், பெடல் அச்சு சுழலும் பேரிங் ஆகியவை யார் கண்ணிலும் படாது. அதனால் முதல் பட்டியலுக்குச் செலவிட்ட பணம் இரண்டாவது பட்டியலிலிருந்துதான் பிடுங்கப்படுகிறது. அறுபதாயிரம் ரூபாய் வண்டியில் இந்த நெருக்கடி இல்லை, அங்கே இரண்டுக்கும் பணம் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் வண்டியிலும் இல்லை, அங்கே ஆடம்பரத்துக்கு இடமே கிடையாது. நடுத்தர விலையில்தான் வாங்குபவர் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் ஓட்டும் வண்டியின் ஆயுளையும் சுகத்தையும் முடிவுசெய்வது அந்த இரண்டாவது பட்டியல்.

முதலில் ஸ்பிரிங் ஃபோர்க். நம் சாலைகள் குண்டும் குழியுமாக இருக்கின்றன, வேகத்தடை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது, சஸ்பென்ஷன் இல்லாமல் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மலையேறும் விலை உயர்ந்த வண்டியில் இருக்கும் ஃபோர்க்குக்கும் இதற்கும் உருவத்தில்தான் ஒற்றுமை. அதில் காற்றழுத்தமோ ஸ்பிரிங்கோ அதிர்வை வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் எண்ணெய் அந்த ஸ்பிரிங் திரும்பத் துள்ளாமல் அடக்கும். நாம் பேசும் விலையில் கிடைக்கும் ஃபோர்க்குகளில் அந்த அடக்கும் வேலைக்கு ஒன்றும் இருப்பதில்லை. ஒரு சுருள் ஸ்பிரிங், பிளாஸ்டிக் புஷ், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். பெரிய பள்ளத்தில் அமுங்கி அப்படியே துள்ளும். சிறு நடுக்கத்துக்கு அசையவே அசையாது. நின்று மிதிக்கும்போது காலின் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதற்கே போய்விடுகிறது. எடை இரண்டரை கிலோவை ஒட்டி வரும். சாதாரண இரும்பு ஃபோர்க் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மழையில் ஓடிய இந்த ஃபோர்க்கைப் பிரித்தால் புஷ் தேய்ந்து, உள்குழாயில் துரு ஏறி, ஒருபக்கம் இறுகிப்போய் இருக்கும். அந்த நிலைக்கு வந்தபின் அது இரண்டரை கிலோ இரும்பு மட்டுமே. பழுதுபார்க்க உதிரிபாகம் கிடைப்பது அரிது, முழுவதையும் மாற்றத்தான் வேண்டும்.

குழிகளைச் சமாளிக்க வேண்டியது டயர். 35 மில்லிமீட்டரிலிருந்து 42 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயரில் சரியான அளவு காற்று இருந்தால், சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையை அது ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் செய்துவிடும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் பல டயர்களை அளந்து பார்த்துச் சொன்ன பதினைந்து சதவிகிதம் என்ற அளவை உலகம் முழுவதும் சைக்கிள்காரர்கள் இன்னும் பின்பற்றுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் எத்தனை பிஎஸ்ஐ வரை அடிக்கலாம் என்று பொறித்திருக்கும். 38 மில்லிமீட்டர் டயருக்கு நடுத்தர எடையுள்ள ஒருவர் 50-ஐ ஒட்டி அடித்தால் சரியாக இருக்கும், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட. நம் ஊரில் பழக்கம் வேறு. காற்றே பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டுவது, அல்லது கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி ஏற்றுவது. காற்றுக் குறைந்த வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ட்யூப் ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். முள் குத்தினால் ஓட்டை ஒன்றுதான் இருக்கும். பஞ்சர் ஒட்டுபவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்ததுமே இது காற்றுக் குறைவால் வந்த பஞ்சர் என்று சொல்லிவிடுவார். காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருந்து, வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் பஞ்சரில் பாதி குறையும்.

பல் வைத்த டயர் உறுதியானது, பஞ்சர் ஆகாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் பிடிக்கத்தான் அந்தப் பல். தார்ச்சாலையிலும் சிமென்ட் சாலையிலும் அது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி வளைந்து சக்தியை விழுங்குகிறது. கணக்குப் போட்டே காட்டலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வழுவழுப்பான டயரில் உருளும் தடையை வெல்ல 28 வாட் அளவு போதும். பல் வைத்த, காற்றுக் குறைந்த டயரில் அது இரண்டு மடங்காகி 55 வாட்டைத் தாண்டும். அதே சமதரையில் வண்டியின் எடை 5 கிலோ கூடினால் ஆகும் கூடுதல் செலவு இரண்டு வாட்கூட இல்லை. கடையில் ஒரு கையால் வண்டியைத் தூக்கிப் பார்த்து எடையை ஒப்பிடுகிறார்கள். அதைவிட டயரைத் தடவிப் பார்ப்பது பயனுள்ளது. எடை பொருட்டாவது மேம்பாலம் ஏறும்போதும், மாடிக்குத் தூக்கிப் போகும்போதும்தான்.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். 700 சி என்று சொல்லும் சக்கரத்தில் 38 மில்லிமீட்டர் டயர் போட்டால் சுற்றளவு 2.18 மீட்டர் அளவில் வரும். ஒரு கிலோமீட்டருக்கு அது 460 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஸ்போக்ஸும் தரைப்பக்கம் வரும்போது ஒரு கணம் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. தொடக்கத்திலேயே நன்றாக முறுக்கி இழுத்துக் கட்டிய கம்பிக்கு இந்தத் தளர்ச்சி ஒரு பொருட்டில்லை. தொளதொளவென்று கட்டிய கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து வளைகிறது. ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்தால் எப்படி ஒடியுமோ அப்படி, ஹப்பில் கொக்கி போல் வளைந்து நுழையும் இடத்தில் களைத்து ஒடிகிறது. பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கத்தில். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் எழுதிய சைக்கிள் சக்கரம் பற்றிய நூல் இதை விளக்கமாக நிறுவியது. பட்டறையில் கோட்டம் எடுப்பவர்கள் நூலைப் படிக்காமலே இதை அறிவார்கள். தளர்ந்த சக்கரத்துக்கு எத்தனை முறை கோட்டம் எடுத்தாலும் அது நிற்பதில்லை. இழுவை சமமாகவும் போதுமானதாகவும் இருந்தால்தான் நிற்கும். எனவே வண்டி வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்போக்ஸா, ரிம் இரட்டைச் சுவரா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றைச் சுவர் ரிம் பள்ளத்தில் விழுந்தால் உதடு மடங்கும். இரட்டைச் சுவர் ரிம்மின் உள்ளே ஒரு பெட்டி போன்ற அமைப்பு இருக்கும், அது அதே அடியைத் தாங்கிக்கொள்ளும்.

பின் ஹப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விலை குறைந்த கியர் வண்டிகளில் பல்சக்கரக் கொத்தும் அதன் ஃப்ரீ வீலும் ஒரே துண்டாகச் சேர்ந்து, ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகப்பட்டிருக்கும். ஏழு பல்சக்கரத்துக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், ஹப்பின் வலது பக்கப் பால்ரஸ் அச்சின் நுனியைவிட்டு வெகுதூரம் உள்ளே தள்ளிப் போய்விடும். ஆதாரம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அச்சின் மேல் ஓட்டுபவரின் எடையும் பள்ளத்தின் அடியும் இறங்குகின்றன. வேகத்தடையில் தடதடவென்று இறக்கி ஓட்டினால் அச்சு வளைகிறது, சில வண்டிகளில் ஒடியவும் செய்கிறது. கேசட் வகை ஹப்பில் ஃப்ரீ வீல் பொறியமைப்பு ஹப்பின் ஒரு பாகமாகவே இருக்கும், வலது பக்கப் பால்ரஸ் அச்சின் நுனிக்கு அருகில் உட்காரும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் வரை இருக்கலாம். நடுத்தர விலை வண்டியில் கேசட் ஹப் இருந்தால், ஸ்பிரிங் ஃபோர்க்கையும் டிஸ்க்கையும் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். எட்டு கியர் கொண்ட பின்சக்கரம் பெரும்பாலும் கேசட்டாகத்தான் இருக்கும். ஏழு என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவருக்குத் தெரியாவிட்டால், ஆள் எடை அதிகமென்றால், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

கியர் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சிறு கணக்கு. முன்னால் 28, 38, 48 பல் கொண்ட மூன்று சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு, மொத்தம் 21 கியர். நிமிடத்துக்கு 80 முறை பெடல் சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாள் பழகியவர் வசதியாக மிதிக்கும் வேகம் அது. முன்னால் நடுவில் இருக்கும் 38 பல் சக்கரத்தை மட்டும் வைத்துப் பின்னால் ஏழையும் மாற்றினால், மணிக்கு 14 கிலோமீட்டரிலிருந்து 28 கிலோமீட்டர் வரை கிடைக்கிறது. நகரத் தெருவில் ஓட்டும் வேகம் எல்லாம் இதற்குள் அடங்கிவிட்டது. பெரிய சக்கரமும் கடைசிக் கியரும் சேர்ந்தால் 36 கிலோமீட்டர். அந்த வேகத்தில் யாரும் உடற்பயிற்சிக்குத் தெருவில் போவதில்லை, போகவும் கூடாது. சின்னச் சக்கரம் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றம் ஏறுவதற்கு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு அது தேவை. சென்னை, தஞ்சாவூர், மதுரை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் அந்த இரண்டு சக்கரமும் முன் கியர் மாற்றியும் அதன் கேபிளும் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. சும்மா இருந்தாலும் பரவாயில்லை, புதிதாக ஓட்டுபவர்கள் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிச் செயினைக் குறுக்காக இழுத்து, அது உரசி, கழன்று, தேய்ந்துபோகிறது. பட்டறைக்குக் கியர் சரியில்லை என்று வரும் வண்டிகளில் முன் கியர் மாற்றியின் கோளாறுதான் பாதிக்குப் பாதி. முன்னால் ஒன்று, பின்னால் ஏழோ எட்டோ இருக்கும் வண்டி இந்தத் தொல்லையை அடியோடு நீக்கிவிடுகிறது.

பிரேக் விஷயத்தில் என்னை மறுப்பவர்கள் வலுவான காரணம் சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது, ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், டிஸ்க் நனைந்தாலும் பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். நல்ல ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு இது முழுக்க உண்மை. நடுத்தர விலையில் வருவது பெரும்பாலும் கேபிளால் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க். அதில் ஒருபக்கக் கட்டைதான் நகரும், மறுபக்கம் நிலையாக நிற்கும். கட்டை தேயத் தேயக் கையால் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டில் நெருக்கியடித்து நிறுத்தும்போது பக்கத்து வண்டியின் பெடல் இடித்து அந்த மெல்லிய தட்டு கோணினால், ஒவ்வொரு சுற்றிலும் சரக் சரக்கென்று உரசும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளி தட்டில் பட்டாலும் போதும், கட்டை அதை உறிஞ்சிக்கொண்டு கீச்சிடும், பிடிப்பும் போய்விடும். அலுமினிய ரிம்மும் நல்ல ரப்பர் கட்டையும் கொண்ட வி பிரேக், மழையில் முதல் ஓரிரு சுற்றில் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு பிடிக்கிறது. அந்த ஓரிரு சுற்றை மனத்தில் வைத்து முன்கூட்டியே பிரேக்கைத் தொட வேண்டும், அது உண்மைதான். ஆனால் கட்டை தேய்ந்ததா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம், குறைந்த விலைக்கு எந்த ஊரிலும் கிடைக்கும், தெருமுனைக் கடையில் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். பழைய கறுப்பு சைக்கிளின் குரோம் பூசிய இரும்பு ரிம்மில்தான் மழைக்காலப் பிரேக் ஆபத்தானது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் ரிம் பிரேக் எல்லாமே மோசம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். தினமும் மழையிலும் சரிவிலும் ஓட்ட வேண்டிய மலை ஊர்க்காரர் மட்டும் பணத்தைச் சேர்த்து ஹைட்ராலிக் டிஸ்க் உள்ள வண்டியாகப் பார்க்கலாம். இடையில் இருக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கை அவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் அளவு தவறினால் வண்டி வீண். கடையில் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் முழுசாக ஊன்றுகிறதா என்று பார்த்து, ஊன்றினால் இது எனக்குச் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். முழங்கால் வலியின் தொடக்கம் அங்கேதான். அவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் கால் ஒருபோதும் நீளாது. முட்டி மடங்கிய நிலையிலேயே முழு பாரத்தையும் தள்ளும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டியில் இலேசான வளைவு தானாக வந்துவிடும். இந்த உயரத்தில் நிற்கும்போது தரையைத் தொடுவது கால்விரல்கள் மட்டுமே. சிக்னலில் நிற்கச் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஃபிரேமின் மேல் நின்றுகொள்ள வேண்டும். அப்போது மேல் பாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு அங்குலமாவது இடைவெளி இருந்தால் ஃபிரேம் சரியான அளவு. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்கள், பெரியவர்கள், முதல் சில வாரம் சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தி ஓட்டிவிட்டு, பழகப் பழக விரற்கடை விரற்கடையாக ஏற்றிக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இந்த அளவு விஷயத்தில் சந்தை நீண்ட காலமாக அநியாயம் செய்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏற்றியபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் அவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். அவர்களுடைய உறுதியால் அது நடந்தது. இன்று அப்படிச் சமாளிக்க வேண்டிய அவசியம் இல்லை. பார் தாழ்ந்த, சேலையிலும் சுடிதாரிலும் ஏறி இறங்க வசதியான ஹைபிரிட் வண்டிகள் இதே விலைக்குள் வருகின்றன, சிறிய அளவு ஃபிரேமும் கிடைக்கிறது. கடையில் அன்றைக்குக் கைவசம் இருக்கும் பெரிய அளவை, சீட்டை இறக்கினால் போதும் என்று சொல்லித் தள்ளிவிட இடம் கொடுக்கக் கூடாது. சீட்டை இறக்கினாலும் கைப்பிடி அருகில் வராது. முதுகும் தோளும் அந்தத் தூரத்துக்கு விலை கொடுக்கும்.

உடற்பயிற்சிக்குத்தானே, கனமான வண்டியாக இருந்தால் நல்லதுதானே என்று சிலர் எதிர்வாதம் செய்கிறார்கள். உடம்புக்குப் பயிற்சி தருவது இதயமும் நுரையீரலும் எவ்வளவு நேரம், எவ்வளவு தீவிரமாக வேலை செய்தன என்பது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்றால் அதன் கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம். மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு கேட்கிறது. எளிதாக உருளும் வண்டியில் இந்தத் தீவிரம் வேண்டுமானால் கொஞ்சம் வேகமாகப் போனால் சரி. இழுத்துப் பிடிக்கும் வண்டியில் அதே தீவிரம் எட்டும்போதும் வேகம் குறைவாகவே இருக்கிறது, போய்ச் சேர வேண்டிய இடம் எட்டமாகிறது, மூன்றாவது வாரத்தில் ஸ்கூட்டர் சாவி கைக்கு வந்துவிடுகிறது. தெருவுக்கும் பயிற்சிக்கும் ஒரே வண்டி என்ற யோசனையின் அருமையே இதில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் நேரமே பயிற்சி நேரமாகிவிட்டால் அதற்கென்று தனியாக மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வண்டி இலகுவாக ஓடினால்தான் அது நடக்கும்.

வலுவான இன்னொரு மறுப்பு, இவ்வளவு செலவே எதற்கு என்பது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து தமிழ்நாடு ஓட்டிய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் கியரும் அலுமினியமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக உழைத்தனவே என்று கேட்கிறார்கள். அந்த வண்டிகள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. செயின் கவரும் மட்கார்டும் கேரியரும் ஸ்டாண்டும் கூடவே வந்த முழுமையான வண்டி அது. மூட்டையும் பால்கேனும் ஏற்ற அதற்கு இணை இன்றும் இல்லை. ஆனால் எடை 20 கிலோவை ஒட்டி வரும், ஃபிரேம் பெரும்பாலும் இரண்டே அளவில் கிடைக்கும், மழையில் பிரேக் பிடிக்காது, எதிர்க்காற்றில் மாற்றிக்கொள்ள வேறு கியர் கிடையாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்வர அது போதும். ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதிக்க முழங்காலுக்கு இதமாக ஒரு கியராவது மாற்ற முடிய வேண்டும். வீட்டில் பிளஸ் ஒன் படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் சும்மா நிற்கிறது என்றால், புதிதாக வாங்கும் முன் அதை எடுங்கள். ஓவராயிலிங் செய்து, புதுப் பிரேக் கட்டை போட்டு, சீட் உயரத்தைச் சரிசெய்து, இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து ஓட்டுவீர்கள் என்று தெரிந்தபின் வாங்கும் வண்டிதான் வீணாகாமல் இருக்கும். எது தேவை என்பதும் அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வாங்கும்போது கையிருப்பு முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாயைத் தனியே வையுங்கள். இந்த வகை வண்டிகளில் பல மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி, விளக்கு எதுவுமில்லாமல்தான் வருகின்றன. மழையில் முதுகெல்லாம் சேறு அடிக்க அலுவலகம் போக முடியாது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் விடியற்காலையில் சாலையில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. மட்கார்டும் கேரியரும் பூட்ட ஃபிரேமில் மரைத் துளை இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். வால்வு கார், பைக்கில் இருக்கும் வகையாக இருந்தால் நல்லது, பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். பழைய வகை வால்வில் இருக்கும் சிறு ரப்பர் குழாய் வெயிலில் உளுத்து, பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று செயினையும் கேபிளையும் அரிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை துணியால் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும், அதிகப்படியைத் துடைத்தும் எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வரும் வண்டி மலிவாகத் தெரியலாம். அதை உள்ளே இருக்கும் சின்ன ஸ்பேனரால் தாங்களே பூட்டி ஓட்டுபவர்களின் வண்டியில் பெடல் மரை சிதைந்தும், ஃபோர்க் பின்பக்கம் திரும்பியும் இருப்பதைப் பட்டறைகளில் பார்க்கலாம். பூட்டுக்கூலி கொடுத்துத் தெரிந்த கையால் பூட்டிக்கொள்ளுங்கள்.

கடையில் வண்டியை எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். அது கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்போக்ஸைச் சேர்த்துப் பிடித்து அமுக்கியபடி சக்கரம் முழுவதும் ஒரு சுற்று வாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி எதிர்த்து நிற்க வேண்டும், எங்காவது தளர்ந்திருந்தால் கை உடனே சொல்லிவிடும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் டக் டக்கென்று ஆட்டம் தெரியக் கூடாது, தெரிந்தால் கோன் தளர்வாக இருக்கிறது. சக்கரம் மெதுவாகி நிற்கும்போது முறுமுறுவென்று நின்றால் கோன் இறுக்கமாக இருக்கிறது. பின்சக்கரத்திலும் இதையே செய்து, பெடல் கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு கியரிலும் ஒரு சுற்று. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் ஹேண்டில்பார் கழுத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் முதல் 200, 300 கிலோமீட்டருக்குள் புதுக் கேபிள்கள் நீளும், ஸ்போக்ஸ் தன் இடத்தில் உட்காரும், கோன்கள் கொஞ்சம் இளகும். அதற்குள் ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து கோட்டம் எடுத்து, கேபிளை இழுத்து, போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டு போங்கள். பல கடைகள் இந்த முதல் சர்வீஸை இலவசமாகவே செய்கின்றன. கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.